யாரும் போட்டோ எடுக்காத மாடி

சான் டியேகோ போறவங்க வழக்கமா மூணு இடம் பார்ப்பாங்க. பீச், மிருகக்காட்சி சாலை, துறைமுகத்துல மியூசியமா நிக்கிற விமானந்தாங்கிக் கப்பல். நான் உங்களைக் கூட்டிட்டுப் போறது நாலாவதா ஒரு இடத்துக்கு. அங்கே ரைடு கிடையாது. ஷாப்பிங் கிடையாது. நடு முற்றத்துல ஒதுங்கி நிக்க ஒரு மரம்கூடக் கிடையாது. ரெண்டு கான்கிரீட் கட்டடம், நடுவுல வெட்டவெளி, அதுக்கு அந்தப் பக்கம் பசிபிக் கடல். அவ்வளவுதான். ஆனா ஆர்க்கிடெக்சர் படிக்கிற ஃப்ரெண்ட் யாராவது உங்களுக்கு இருந்தா, இந்த இடத்தோட பேரைச் சும்மா சொல்லிப் பாருங்க. முகமே மாறும்!

பேரு சால்க் இன்ஸ்டிடியூட். உயிரியல் ஆராய்ச்சி நிறுவனம். சான் டியேகோவுக்கு வடக்கே லா ஹோயாங்கிற கடலோரப் பகுதியில இருக்கு. (போர்டுல இருக்கிற எழுத்தைக் கூட்டிப் படிச்சா 'லா ஜோல்லா'ன்னு வரும். ஸ்பானிஷ் பேரு. 'ஹோயா'ன்னு சொல்லுங்க, இல்லேன்னா டாக்ஸிக்காரரே சிரிப்பார்.)

சிவில் மூணாவது வருஷம் படிக்கிற எனக்கு அமெரிக்கா டிக்கெட் எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்கறீங்களா? அங்கே இருக்கிற அக்காவுக்குப் பிரசவ டைம். பெரியம்மாவுக்குத் தனியா ஃப்ளைட் ஏறப் பயம். துணைக்கு ஒரு ஆள் வேணும். லீவுல சும்மா இருந்த ஒரே ஜீவன் நான்தான்!

"கட்டடம் பார்க்கவா? ஏம்மா, டிஸ்னிலேண்ட் வேணாமா?"ன்னு மாமா ரெண்டு தடவை கேட்டார். வேணாம்னு சொல்லிட்டேன். முன்கூட்டியே பதிவு செஞ்சுக்கிட்டுத்தான் சுத்திப் பார்க்கப் போகணும். மாமா அரை நாள் லீவு போட்டார். அக்காவை டாக்டர் நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்ததால, காலியா இருந்த சீட்டுல பெரியம்மா ஏறி உட்கார்ந்தாங்க. டாரி பைன்ஸ் சாலையில காரை நிறுத்தி இறங்கினா, தலைக்கு மேல கலர் கலரா பாராகிளைடர் மிதக்குது. பக்கத்துலயே மலை விளிம்பிலிருந்து குதிச்சுப் பறக்கிற மைதானம் இருக்கு. கூட்டம் எல்லாம் அங்கேதான். நம்ம பக்கம் ஈ, காக்கா இல்லை.

சரி, யார் இந்த சால்க்? உங்க சுண்டு விரலைப் பாருங்க. சின்ன வயசுல ஞாயிற்றுக்கிழமை காலையில வாயில ரெண்டு சொட்டு விட்டு, இடது கை சுண்டு விரல்ல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு அனுப்பினாங்களே, அந்தப் போலியோ. அதுக்கு உலகத்துலயே முதல் தடுப்பூசி கண்டுபிடிச்சவர் ஜோனஸ் சால்க். நாம குடிச்ச சொட்டு மருந்து ஆல்பர்ட் சேபின் கண்டுபிடிச்சது. அது பின்னாடி வந்தது. சால்க்கோடது ஊசி. செத்த வைரஸை வெச்சுச் செய்தது. அமெரிக்காவுல 2000-த்திலிருந்து குழந்தைகளுக்கு ஊசி மட்டும்தான். அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவுல, பிறக்கப்போற குழந்தைக்கு என்னென்ன ஊசி எப்போன்னு ஒரு அட்டவணை காந்தம் போட்டு ஒட்டியிருந்தது. ரெண்டாவது மாசக் கட்டத்துல போலியோ ஊசி இருந்தது. நம்ம ஊர்லயும் 2015 நவம்பர்லிருந்து சொட்டு மருந்தோட ஊசியையும் சேர்த்துட்டாங்க.

1952-ல் மட்டும் அமெரிக்காவில் ஏறக்குறைய 58,000 பேருக்குப் போலியோ. கோடை வந்தாலே நீச்சல் குளத்தை மூடுவாங்களாம். 1954-ல் சுமார் 18 லட்சம் குழந்தைகளை வெச்சு சால்க்கின் ஊசிக்குச் சோதனை நடந்தது. 1955 ஏப்ரல் 12-ந் தேதி 'ஊசி வேலை செய்யுது'ன்னு அறிவிச்சாங்க. சர்ச் மணி அடிச்சுக் கொண்டாடினாங்க. சால்க்குக்கு அப்போ வயசு 40. ஒரே நாள்ல சூப்பர் ஸ்டார்!

இங்கேதான் ஒரு சிக்கல். ஜனங்க தலையில தூக்கி வெச்சு ஆடின மனுஷனை, கூட இருந்த விஞ்ஞானிங்க அவ்வளவா மதிக்கலை. 'புதுசா என்ன கண்டுபிடிச்சார், இருந்ததை எடுத்துச் சேர்த்தார்'னு ஒரு பேச்சு. அறிவிப்பு நாளன்னிக்குத் தன் லேப்ல வேலை பார்த்தவங்க பேரைச் சொல்லலைன்னு ஒரு மனக்குறை, அது நியாயமான குறைதான். கடைசி வரைக்கும் நோபல் பரிசும் வரலை. இப்படிப்பட்ட நிலையில ஒருத்தர் என்ன செய்வார்? அடுத்த தடுப்பூசிக்குப் போவார். இவர் 'எனக்கு ஒரு இடம் கட்டணும்'னு கிளம்பினார். உயிரியல்காரங்க மட்டும் இல்லாம தத்துவம், கணிதம், கலைன்னு எல்லாரும் வந்து உட்கார்ந்து பேசுற இடம். ஆரம்ப கால உறுப்பினர்கள்ல ஜேக்கப் பிரனோவ்ஸ்கி ஒருத்தர், அவர் கணிதக்காரர்!

காசு யார் கொடுத்தாங்க?

இது எனக்குப் பிடிச்ச பகுதி. போலியோவால கால் செயலிழந்த அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1938-ல் ஒரு அறக்கட்டளை ஆரம்பிச்சார். பெரிய பணக்காரங்க கிட்ட மட்டும் கேட்காம, ஊர் ஜனங்ககிட்ட ஆளுக்குப் பத்து சென்ட் அனுப்பச் சொன்னாங்க. பத்து சென்ட் காசுக்கு அந்த ஊர்ல 'டைம்'னு பேரு. அதனால அந்த வசூலுக்கு 'மார்ச் ஆஃப் டைம்ஸ்'னு பேரு வந்தது. வெள்ளை மாளிகைக்கு மூட்டை மூட்டையா தபால்ல காசு வந்து குவிஞ்சது. சால்க்கின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அந்த அமைப்புதான். இன்ஸ்டிடியூட் கட்டறதுக்கும் 2 கோடி டாலர் அவங்கதான் கொடுத்தாங்க. அந்த ஊர்ப் பத்து சென்ட் காசுல பின்னாடி ரூஸ்வெல்ட்டோட முகத்தையே போட்டாங்க.

இதை நான் பெரியம்மாவுக்குச் சொன்னதும், "அப்போ நம்ம ஊர்க் கோயில் கும்பாபிஷேக வசூல் மாதிரிதான்னு சொல்லு"ன்னாங்க. ஒரே வரியில முடிச்சுட்டாங்க!

நிலம் கிடைச்சதும் சுவாரஸ்யமான கதைதான். அப்போ சான் டியேகோ மேயர் சார்லஸ் டேல். அவரே போலியோ வந்து பிழைச்சவர். கடலைப் பார்த்த 27 ஏக்கர் மேட்டு நிலத்தைச் சும்மா தர்றேன்னார். ஆனா அது நகரத்துப் பொதுச் சொத்து, மேயர் நினைச்ச மாத்திரத்துல தூக்கிக் கொடுக்க முடியாது. 1960 ஜூன்ல ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டாங்க. அமோக ஆதரவு. ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு இடம் கொடுக்கலாமான்னு ஊரே வரிசையில நின்னு ஓட்டுப் போட்டதை நினைச்சுப் பாருங்க. நம்ம வார்டுல ஒரு லைப்ரரிக்கு இடம் கேட்டா எத்தனை ஓட்டு விழும்?

பெயிலான கட்டடத்திலிருந்து பாடம்

1959 டிசம்பர்ல சால்க், ஃபிலடெல்ஃபியாவுல இருந்த லூயி கான்ங்கிற ஆர்க்கிடெக்டைப் பார்க்கப் போனார். 'நல்ல ஆர்க்கிடெக்ட் யாரையாவது தேர்ந்தெடுக்க யோசனை சொல்லுங்க'ன்னு கேட்கத்தான் போனார். பேசிட்டு வெளியே வரும்போது தேடல் முடிஞ்சுபோச்சு. சால்க் வெச்ச நிபந்தனைகள்ல ஒண்ணு ரொம்பப் பிரபலம். இந்த இடத்துக்கு நான் பிகாசோவைக் கூப்பிட்டா கூச்சப்படாம கூப்பிடுற மாதிரி இருக்கணும்னாராம். (கிசுகிசு பிரியர்களுக்கு ஒரு துணுக்கு: பிகாசோவோட முன்னாள் துணைவி, ஓவியர் ஃப்ரான்ஸ்வாஸ் ஜிலோவை 1970-ல் கல்யாணம் பண்ணிக்கிட்டது இதே சால்க்தான்!)

அப்போ கான் ஏற்கெனவே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல ஒரு மருத்துவ ஆய்வுக்கூடம் கட்டிக்கிட்டிருந்தார். ரிச்சர்ட்ஸ் லேப். செங்கல் கோபுரங்கள், பத்திரிகை எல்லாம் பாராட்டு. ஆனா உள்ளே உட்கார்ந்தவங்க புலம்பித் தள்ளினாங்க. ரூம் சின்னது, வெயில் நேரா மேஜை மேல அடிக்குது, தலைக்கு மேல திறந்து கிடக்கிற குழாய்ல தூசி. கண்ணாடி மேல பேப்பரையும் ஃபாயிலையும் ஒட்டி வேலை பார்த்திருக்காங்க. ஆர்க்கிடெக்சர் புத்தகத்துல அழகா இருக்கு, ஆனா ஆராய்ச்சி பண்ண முடியலை.

அந்தத் தோல்வி இல்லேன்னா சால்க் இன்ஸ்டிடியூட் இல்லைங்கறது என் கட்சி. முதல் கட்டடத்துல தப்பாப் போன ஒவ்வொண்ணுக்கும் இங்கே ஒரு பதில் இருக்கு. சின்ன ரூம்களா இருந்ததா? இங்கே தூணே இல்லாத ஒரே ஹால். வெயில் அடிச்சதா? இங்கே லேபைச் சுத்தி நடைபாதை, நிழல். குழாய்? அதுக்கு ஒரு தனி மாடி. வர்றேன், அதுக்குத்தான் வந்துக்கிட்டிருக்கேன்.

அதுக்கு முன்னாடி இன்னொரு தைரியம். 1962 வாக்குல பிளான் எல்லாம் போட்டாச்சு. நாலு கட்டடம், ரெண்டு தோட்டம். வேலையைத் தொடங்க வேண்டியதுதான் பாக்கி. மனசு ஒப்பாம சால்க் கான்கிட்ட போய், ரெண்டு தோட்டம் வேணாம், ஒரே முற்றம் போதும்னார். அத்தனை வரைபடமும் குப்பைக்கு! கான் முறைச்சாரா, அழுதாரான்னு நான் பார்க்கலை, ஆனா புதுசா உட்கார்ந்து வரைஞ்சார். ரெண்டு கட்டடம், ஒரு முற்றம். ஒரு அசைன்மென்ட்டை சார் 'ரீடூ'ன்னு திருப்பிக் கொடுத்தாலே நாம நாலு நாள் சாப்பிடறதில்லை!

அந்த மாடி

முற்றத்துல போய் நின்னா முதல்ல தெரியறது நடுவுல ஓடுற மெல்லிசா ஒரு நீர்க்கோடு. கிழக்கிலிருந்து மேற்கா நேரா ஓடி, கடலுக்குள்ள விழற மாதிரி ஒரு தோற்றம். வருஷத்துல ரெண்டு தடவை, பகலும் இரவும் சமமா இருக்கிற நாள்ல, சூரியன் அந்தக் கோட்டோட முனையில சரியா இறங்கும். உலகமே போட்டோ எடுக்கிறது அதைத்தான். நானும் எடுத்தேன். பெரியம்மாவை நடுவுல நிறுத்தி எடுத்த போட்டோதான் இப்போ எங்க குடும்ப குரூப்ல ஓடிக்கிட்டிருக்கு.

ஆனா நான் இத்தனை தூரம் வந்தது அதைப் பார்க்க இல்லை. கட்டடத்தைப் பக்கவாட்டுல பார்த்து மாடியை எண்ணினேன். வெளியே நாலு தெரியுது. கீழே மண்ணுக்குள்ள இன்னும் ரெண்டு. மொத்தம் ஆறு. ஆனா லேப் எத்தனை மாடி தெரியுமா? மூணு! மீதி மூணு மாடியில மனுஷங்க யாரும் உட்கார்றதில்லை. ஒவ்வொரு லேபுக்கும் மேல ஒரு முழு மாடி, 9 அடி உயரம், நம்ம ஹாஸ்டல் ரூம் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். அதுல இருக்கிறது தண்ணிக் குழாய், கேஸ் குழாய், கரன்ட் ஒயர், ஏ.சி. டக்ட், அதையெல்லாம் பார்த்துக்கிற ஆளுங்க. அந்த மாடிக்குள்ள எங்களை விடலை. வேலை நடக்கிற இடம், சுற்றுலாக்காரங்களுக்கு வெளியே மட்டும்தான். தெரியும், இருந்தாலும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஏன் இப்படி? 1965-ல் இதைக் கட்டி முடிச்சப்போ டி.என்.ஏ.வோட வடிவம் தெரிஞ்சே பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அடுத்த பத்து வருஷத்துல உயிரியல் எந்தப் பக்கம் போகும்னு யாருக்கும் தெரியாது. எந்த மெஷின் வரும், எவ்வளவு கரன்ட் இழுக்கும், எங்கே தண்ணி வேணும், எதுவும் தெரியாது. தெரியாத ஒண்ணுக்காக எப்படிக் கட்டறது? சால்க்கும் கானும் கொடுத்த பதில்: லேபுக்குள்ள எதையுமே நிரந்தரமா வைக்காதே. லேபோட அகலம் 65 அடி, நீளம் 245 அடி. 65 அடின்னா கிரிக்கெட் பிட்ச் நீளத்துக்கு ஒரு அடி குறைச்சல். ஒரு முனையில பௌலர், மறுமுனையில பேட்ஸ்மேன், நடுவுல ஒரு தூண் கிடையாது! இதே அகலத்துல நீளவாட்டுல நடந்துக்கிட்டே இருக்கலாம். தடுப்புச் சுவரை எங்கே வேணும்னாலும் வைக்கலாம், எடுக்கலாம். மேல் தளத்துல நீளமா வெட்டு விட்டிருக்காங்க. எந்த மேஜைக்கு என்ன வேணுமோ, மேல் மாடியிலிருந்து அது வழியா நேரா கீழே இறக்கிடலாம். ஒரு லேபை உடைச்சு மாத்தும்போது பக்கத்து லேப் வேலையை நிறுத்த வேண்டியதில்லை.

நம்ம காலேஜ் லேப்ல ஒரு ப்ளக் பாயின்ட்டை ரெண்டடி தள்ளி வைக்கணும்னா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். லெட்டர், கையெழுத்து, எலெக்ட்ரீஷியன், அடுத்த செமஸ்டர்!

சிவில்காரங்க மட்டும் இந்தப் பத்தியைக் கவனமாப் படிங்க, மத்தவங்களும் படிக்கலாம், புரியும். நடுவுல தூண் இல்லாம 65 அடி தாண்டணும், அதுவும் கான்கிரீட்ல, அதுவும் பூகம்பம் வர்ற ஊர்ல. ரயில்வே பாலத்துலயும் ஸ்டேஷன் கூரையிலயும் முக்கோணம் முக்கோணமா கம்பி பார்த்திருப்பீங்க. அதுதான் ட்ரஸ். முக்கோணம் நசுங்காது, அதனால அது வலு. ஆனா முக்கோணம் வெச்சா குறுக்குக் கம்பி வழியை மறிக்கும். குழாயும் போக முடியாது, ஆளும் போக முடியாது. அதனால எஞ்சினீயர் ஆகஸ்ட் கோமென்டன்ட் குறுக்குக் கம்பியே இல்லாத ட்ரஸ்ஸை எடுத்தார். பெல்ஜியம் எஞ்சினீயர் வீரன்டீல் பேர்ல வழங்குற ட்ரஸ். வரிசையா வெச்ச ஜன்னல் சட்டம் மாதிரி, எல்லாம் செவ்வகம். நாலு குச்சியைச் செவ்வகமா கட்டித் தள்ளிப் பாருங்க, சாஞ்சிடும். அதனால மூலையெல்லாம் பயங்கர கெட்டியா இருக்கணும். உள்ளே இரும்புக் கேபிளை விட்டு இழுத்து முறுக்கினார். பத்து புத்தகத்தை வரிசையா வெச்சு ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சுத் தூக்குங்க, நடுவுல இருக்கிறது விழாது. அதே தத்துவம்தான், போஸ்ட் டென்ஷனிங்.

இப்போ விஷயம் புரியுதா? கூரையைத் தாங்குற ட்ரஸ்தான் அந்தக் குழாய் மாடி! 9 அடி உயர ட்ரஸ்ஸோட செவ்வக ஓட்டைக்குள்ளதான் ஆளுங்க நடமாடறாங்க. வலுவுக்காக வெச்ச உயரத்தை வீணாக்காம ஒரு மாடியாவே ஆக்கிட்டாங்க. இதை முதல்ல பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு வரைபடத்துல பார்த்தப்போதான் 'சிவில் எடுத்தது தப்பில்லையோ'ன்னு எனக்குத் தோணுச்சு. எங்க கிளாஸ்ல பாதிப் பேர் சாஃப்ட்வேர் கம்பெனி டெஸ்டுக்கு ஆப்டிட்யூட் புக் வெச்சுப் படிச்சிக்கிட்டிருக்காங்க. அதுல நானும் ஒருத்தி, அதை மறைக்க விரும்பலை.

கோமென்டன்ட்டும் கானும் எஸ்டோனியாவுல பிறந்தவங்க. பதினெட்டு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தாங்க, நடுநடுவே நல்லாச் சண்டையும் போட்டுக்கிட்டாங்க. போஸ்டர்ல எல்லாம் கானோட பேர்தான் இருக்கு. கோமென்டன்ட்டுக்கும் ஒரு கைத்தட்டல் கொடுங்கப்பா!

பூச்சு இல்லை, மரம் இல்லை

கான்கிரீட்டைத் தொட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறம் இல்லை, லேசா ஒரு ரோஸ் கலர். எரிமலைச் சாம்பல் கலந்த கலவை, ரோமானியர்கள் செய்த மாதிரி. நம்ம ஊர் சைட்ல பி.பி.சி. சிமென்ட் மூட்டை பார்த்திருப்பீங்களே, 'போர்ட்லேண்ட் பொஸோலானா'. அந்தப் பொஸோலானாங்கற பேரே இத்தாலியில எரிமலை மண் கிடைச்ச ஊரிலிருந்து வந்ததுதான். சென்ட்ரிங் பலகை சேர்ந்த இடத்துல வரப்பு மாதிரி ஒரு கோடு துருத்திக்கிட்டு நிக்குது. பலகையைப் பிடிச்சு நிறுத்தின கம்பி இருந்த ஓட்டையை மறைக்காம ஈயம் வெச்சு அடைச்சிருக்காங்க. மேல பூச்சு கிடையாது, பெயின்ட் கிடையாது. கான்கிரீட் எப்படி ஊத்தினாங்களோ அப்படியே விடணும், தேய்ச்சுச் சரிபண்ணக் கூடாதுன்னு கான் கண்டிப்பாச் சொல்லிட்டார். அதாவது மேஸ்திரி செய்த வேலை அறுபது வருஷம் கழிச்சும் அப்படியே தெரியும். நம்ம ஊர்ல 'பூச்சுல பார்த்துக்கலாம்'னு ஒரு டயலாக் உண்டு. அது இங்கே செல்லாது.

ஜன்னல் பக்கமெல்லாம் தேக்கு. விஞ்ஞானிங்க தனியா உட்கார்ந்து யோசிக்க 36 சின்ன அறைகள் முற்றத்தை ஒட்டி இருக்கு. சுவரைச் சாய்வா திருப்பி, உள்ளே உட்கார்ந்தா கடல் தெரியற மாதிரி வெச்சிருக்காங்க. லேபிலிருந்து இதுக்கு வர ஒரு சின்னப் பாலம் தாண்டணும். பெரியம்மா அந்தத் தேக்கையே முறைச்சுப் பார்த்துட்டு, "இவ்வளவு நல்ல மரத்தைக் கடல் காத்துல இப்படி விட்டிருக்கானே, எண்ணெய் கிண்ணெய் போட மாட்டானா?"ன்னு கேட்டாங்க. காரைக்குடி பக்கத்துக் கண்! அவங்க கேட்டதுல விஷயம் இருந்தது. ஐம்பது வருஷத்துல அந்த மரத்துல பூஞ்சை பிடிச்சு, பூச்சி அரிச்சு, கறுத்துப்போச்சு. கெட்டி ஆய்வு மையத்துக்காரங்க வந்து, 200-க்கும் மேற்பட்ட ஜன்னல் அமைப்புகளை ஒவ்வொண்ணாப் பார்த்து, முடிஞ்சவரை பழைய தேக்கையே காப்பாத்தி, 2017-ல் வேலையை முடிச்சாங்க.

முற்றத்துல ஏன் மரமே இல்லை? கான் முதல்ல தோட்டம்தான் போட நினைச்சார். மனசு திருப்தியாகாம 1966-ல் மெக்ஸிகோ ஆர்க்கிடெக்ட் லூயிஸ் பராகானைக் கூப்பிட்டுக் காட்டினார். பராகான் பார்த்துட்டு, ஒரு இலைகூட வேணாம், வெறும் கல் தளமா விட்டுடுங்க, வானமே இதுக்கு முகப்பா ஆயிடும்னாராம். கூப்பிட்டது தோட்டம் போட, அவர் சொன்னது தோட்டமே வேணாம்னு! கான் கேட்டுக்கிட்டார். இத்தாலியிலிருந்து வந்த டிராவர்டைன் கல் போட்டாங்க. மத்தியான வெயில்ல அது கண்ணைக் கூசும். அழகுதான், ஆனா அங்கே உட்கார்ந்து டீ குடிக்க முடியாது. பேசிக்க வர்ற இடத்துல நிழல் வேணாமா? இது என் கருத்து, ஆர்க்கி நண்பர்கள் அடிக்க வராதீங்க.

எல்லாம் நினைச்சபடி நடந்துச்சான்னா, இல்லை. எல்லாரும் கூடிப் பேசறதுக்குன்னு கடலோர மேட்டுல ஒரு கூட்ட மண்டபம், தங்கறதுக்கு வீடுகள்னு கான் வரைஞ்சிருந்தார். பணம் இல்லாம ரெண்டுமே கட்டப்படலை. விஞ்ஞானமும் கலையும் சேர்ந்து உட்காரும்னு சால்க் கண்ட கனவுல அதுதான் முக்கியமான பகுதி, அது காகிதத்துலயே நின்னுடுச்சு. 1963-ல் முதல்ல வந்த விஞ்ஞானிங்க தற்காலிகக் கொட்டகையிலதான் வேலையை ஆரம்பிச்சாங்க. தெற்குக் கட்டடம் வெளியே முடிஞ்சும், உள்ளே ரொம்ப நாள் வெறும் கூடாவே இருந்தது. 1990-கள்ல கிழக்குப் பக்கம் யூகலிப்டஸ் மரங்களை வெட்டிப் புதுக் கட்டடம் கட்டினப்போ உலகம் முழுக்க ஆர்க்கிடெக்ட்டுங்க கொதிச்சாங்க. 'இடம் வேணும், ஆராய்ச்சி வளருது'ன்னு சால்க் கட்டடம் கட்டறவங்க பக்கம்தான் நின்னார். 1995 ஜூன் 23-ல் இதே லா ஹோயாவில் இறந்தார். கடைசிக் காலத்துல எய்ட்ஸ் தடுப்பூசிக்கு முயற்சி பண்ணினார், அது கைகூடலை.

ஆனா மாடி ஜெயிச்சது. வைரஸ்காரர் கட்டின வீட்டுல இப்போ மூளை, புற்றுநோய், செடி வேர் எல்லாம் ஆராயறாங்க. டி.என்.ஏ. வடிவத்தைக் கண்டுபிடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் ஃப்ரான்சிஸ் க்ரிக், 1970-களின் பின்பகுதியில இங்கே வந்து சேர்ந்து, டி.என்.ஏ.வை விட்டுட்டு மூளையைப் பிடிச்சார். 2004-ல் இறக்கற வரைக்கும் இங்கேதான். 1965-ல் பேர்கூட இல்லாத மெஷினெல்லாம் இப்போ அந்த லேபுக்குள்ள ஓடுது. கீழே மேஜை மாறுது, மேலே குழாய் மாறுது. வெளியே கான்கிரீட் அப்படியே இருக்கு.

நம்ம நாட்டுலயும் கான் கட்டினது இருக்கு. அகமதாபாத் ஐ.ஐ.எம்.! சால்க் இன்ஸ்டிடியூட்டைத் திரும்ப வரைஞ்ச அதே 1962-ல்தான் அந்த வேலையும் அவர் கைக்கு வந்தது. 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில்தான் நியூயார்க் ரயில் நிலையத்துல மாரடைப்புல இறந்தார். அங்கே செங்கல் வெடிச்சு, கம்பி துருப்பிடிச்சு, 2020 டிசம்பர்ல 18 ஹாஸ்டல் கட்டடத்துல 14-ஐ இடிக்கப்போறதா அறிவிச்சாங்க. எதிர்ப்பு வந்ததும் சில நாள்லயே பின்வாங்கினாங்க. 2022 நவம்பர்ல திரும்பவும் 'புதுசா கட்டறோம்'னாங்க. லீக் ஆகுற ரூம்ல படுக்கிற ஸ்டூடன்ட் பக்கமும் நியாயம் இருக்கு, நானும் ஹாஸ்டல்தான். ஆனா ஜன்னலை ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்த பொறுமையை அங்கேயும் ஒரு தடவை காட்டிப் பார்த்திருக்கலாம்னு தோணுது.

போறவங்களுக்குச் சில டிப்ஸ். முன்பதிவு கட்டாயம். தொப்பி கட்டாயம், பெரியம்மாவை மாதிரி முந்தானையைத் தலையில போட்டுக்கிட்டாலும் சரி. சூரியன் நேர்கோட்டுல இறங்குற நாள்ல கூட்டம் இருக்கும், மார்ச், செப்டம்பர் இருபதாம் தேதியையொட்டி. நீர்க்கோட்டு போட்டோ எடுத்து முடிச்சதும் உடனே கிளம்பிடாதீங்க. கட்டடத்தை ஒட்டி, தரையிலிருந்து கீழே இறங்குற ஆழமான வெளிச்சக் குழிகள் இருக்கு. மண்ணுக்குள்ள இருக்கிற லேபுக்கும் பகல் வெளிச்சம் போகணும்னு விட்டது. கைப்பிடிச் சுவர்ல சாய்ஞ்சு எட்டிப் பாருங்க. நான் பார்த்தப்போ கீழே ஒரு பொண்ணு, என் வயசுதான் இருக்கும், வெள்ளைக் கோட்டோட கண்ணாடி ஓரமா நின்னு டப்பாவுல கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கிட்டிருந்தா. அவ தலைக்கு மேல அந்தக் குழாய் மாடி.